நன்றிக்கு அடுத்த அதிகாரம்

2013 மே 28ஆம் தேதி மும்பையில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு. சாம்பியன்ஸ் டிராபிக்காக இந்திய அணி இங்கிலாந்து கிளம்பும் முன் வழக்கமாக நடப்பதுதான். ஆனால் அன்றைக்கு இங்கிலாந்து ஆடுகளம் எப்படியிருக்கும் என்று கேட்க யாரும் வரவில்லை. நான்கு நாள் முன்னால்தான் சென்னை சூப்பர் கிங்ஸ் முதலாளி என். சீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பனை சூதாட்டப் புகாரில் மும்பை போலீஸ் கைது செய்திருந்தது. இரண்டு நாள் முன்னால் கொல்கத்தாவில் நடந்த இறுதிப் போட்டியில் சென்னை 23 ரன்னில் தோற்றிருந்தது. நிருபர்கள் அதைப் பற்றியே கேட்டார்கள். வாரியத்தின் ஊடக மேலாளர் அந்தக் கேள்விகளை அனுமதிக்கவில்லை. தோனி ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் சிரித்தார்.

போலகத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நானும் சின்ன மாமாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "பாத்தீங்களா மாமா, என்னா நிதானம்! வேற எவனா இருந்தாலும் மைக்கத் தூக்கி அடிச்சிருப்பான்" என்றேன். மாமா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்டா" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. அவர் என்ன கண்டார் கிரிக்கெட்டை, ஆஃப் ஸ்பின்னுக்கும் லெக் ஸ்பின்னுக்கும் வித்தியாசம் தெரியுமா என்றெல்லாம் கத்தினேன். மாமா பதில் சொல்லாமல் எழுந்து வாசலுக்குப் போனார். அவர் யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பார்த்ததில்லை. அதற்கப்புறம் இரண்டு மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையில், திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. கொஞ்சம் தெற்கே வாஞ்சூர். அங்கே புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். சட்டப்படி பார்த்தால் சென்னை எங்களுக்குத் தலைநகரம் கிடையாது. எங்கள் தாத்தாக்கள் 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தவர்கள். தெருவுக்கு ஓரிருவர் பிரான்சில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் 2008இல் ஒரு சிமெண்ட் கம்பெனி ஏலத்தில் எடுத்த அணிக்கு, ராஞ்சியிலிருந்து வந்த ஒருவர் கேப்டன் என்றதும் பையன்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டார்கள். ரத்தமும் இல்லை, மண்ணும் இல்லை, ஓட்டும் இல்லை. இதை விசுவாசம் என்று சொன்னால் அது எதன் மேல் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

என்னைக் கேட்டால் அது நிதானத்தின் மேல். 2007 உலகக் கோப்பை இறுதியில் கடைசி ஓவரை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்துவிட்டு நின்ற முகம். 2011இல் வான்கடேயில் அந்த சிக்ஸர் போனபின் மட்டையைச் சுழற்றி வைத்துக்கொண்ட விதம். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ஆண்கள் கத்துவார்கள். வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்தால் மண்வெட்டியோடு போய்க் கத்துவார்கள். கல்யாணத்தில் பந்தியில் கூப்பிடவில்லை என்று கத்துவார்கள். அங்கே கத்தாத ஒருவன் இருந்தால் அவனை நம்புவார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனால், "பையன் நிதானமான ஆளு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிக் கல்யாணம் முடிந்தமாதிரி. நிதானமான ஆள் கடனை ஏமாற்ற மாட்டான், பொய் சொல்ல மாட்டான், பெண்ணை அடிக்க மாட்டான் என்று அந்த ஒரு சொல்லிலிருந்தே எல்லாவற்றையும் முடிவு கட்டிவிடுவோம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பதினாலு வயதில் அந்தப் பாடம் ஒருமுறை நடத்தப்பட்டிருந்தது. தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்ஸி குரோனியே எங்கள் பள்ளிக்கூடத்தில் எதிரணிக்காரராக இருந்தும் மதிக்கப்பட்டவர். நேர்மை, பக்தி, கட்டுப்பாடு, முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. 2000 ஏப்ரல் 7ஆம் தேதி, அவர் சூதாட்டத் தரகரோடு பேசிய போன் பேச்சு தங்களிடம் இருப்பதாக டெல்லி போலீஸ் சொன்னது. அவர் மறுத்தார். அதே நிதானத்தோடுதான் மறுத்தார். உலகமே அவரை நம்பி டெல்லி போலீஸைப் பார்த்துச் சிரித்தது. நான்கு நாளில் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். பிற்பாடு கிங் கமிஷன் விசாரணையில் வந்த தகவல்களில் ஒன்று எனக்கு இன்றும் உறுத்தும். நாக்பூர் ஒருநாள் போட்டியில் 20 ரன்னுக்குள் அவுட் ஆனால் 15,000 டாலர் என்று அவர் கிப்ஸிடம் பேரம் பேசினார். அதே போட்டிக்காக ஹென்றி வில்லியம்ஸிடமும் பேசினார். இருவரும் வெள்ளையர் அல்லாதவர்கள், அணியில் கேப்டனிடம் முடியாது என்று சொல்லும் இடத்தில் இல்லாதவர்கள். ஆட்டத்தன்று கிப்ஸ் பேரத்தை மறந்து 74 அடித்தார் என்பது வேறு கதை. நிதானமான மனிதர் யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்று நிதானமாக யோசித்திருக்கிறார்.

நிதானம் என்பது ஒரு திறமை. கை நடுங்காமல் இருப்பது மாதிரி. அறுவை சிகிச்சை செய்பவருக்கும் அது வேண்டும், பூட்டை உடைப்பவனுக்கும் வேண்டும்.

இதைச் சொன்னதும் தோனியைக் குரோனியேயோடு நிறுத்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எந்த விசாரணையும் எந்த நீதிமன்றமும் தோனி சூதாடினார் என்றோ ஆட்டத்தை விற்றார் என்றோ சொன்னதில்லை. விவகாரம் வேறு. குருநாத் கைதான அன்றே, அவர் அணியின் முதலாளியும் இல்லை, முதன்மை அதிகாரியும் இல்லை, கௌரவ உறுப்பினர்களில் ஒருவர் மட்டுமே என்று இந்தியா சிமெண்ட்ஸ் அறிக்கை விட்டது. அதுவரை ஏலத்திலும் ஆட்டக்காரர்கள் பக்கத்திலும் அவரை நாங்களே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம்! உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு 2014 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. குருநாத்துக்கு அணியின் கிரிக்கெட் விவகாரங்களில் பங்கில்லை, அவர் வெறும் ஆர்வலர் என்ற நிலைப்பாட்டை எடுத்தவர்களாக சீனிவாசனோடு தோனியின் பெயரையும் அந்த அறிக்கை எழுதியது. தோனி அப்படிச் சொல்லவில்லை, களத்து முடிவுகளில் அவருக்குப் பங்கில்லை என்றுதான் சொன்னார் என்று வாரியத்தின் வக்கீல் நீதிமன்றத்தில் மறுத்தார். தோனியும் தன்னைச் சூதாட்டத்தோடு சேர்த்துப் பேசியவர்கள் மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போட்டார். 2015 ஜனவரி 22 அன்று நீதிபதிகள் தாக்கூரும் கலிஃபுல்லாவும் கொடுத்த தீர்ப்பில் குருநாத் அணி நிர்வாகிதான், பந்தயம் கட்டியதும் உண்மைதான் என்று ஆனது. விசாரணையை மூடி மறைத்தார் என்ற குற்றச்சாட்டு சீனிவாசன் மேல் நிரூபணமாகவில்லை. ஆனால் வாரியத்தை ஆள்பவரே அணியையும் வைத்துக்கொள்ளலாம் என்று திருத்தியிருந்த விதியை நீதிமன்றம் அடித்துப் போட்டது. ஜூலை 14 அன்று லோதா குழு சென்னையையும் ராஜஸ்தானையும் இரண்டு ஆண்டு நிறுத்தி வைத்தது. குருநாத்துக்கு ஆயுள் தடை.

இந்த இரண்டு வருடமும் நான் என்ன செய்தேன் என்பதுதான் இங்கே விஷயம். நான் வக்கீல் ஆனேன். டீக்கடையில், பஸ்ஸில், அலுவலகத்தில், யார் வாய் திறந்தாலும் வழக்காடினேன். வக்கீலுக்காவது ஃபீஸ் உண்டு. "வடநாட்டு டிவிக்காரனுக்கு நம்ம டீம் ஜெயிச்சா வயித்தெரிச்சல்." "கைதான ஆட்டக்காரன்லாம் ராஜஸ்தான்காரன், நம்ம பசங்க ஒருத்தனாவது மாட்டினானா?" "மாமனார் மருமகன் சண்டைக்கெல்லாம் கேப்டன் என்னா பண்ணுவாரு?" இதில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஸ்ரீசாந்த் உட்பட மூவர் கைதானது ராஜஸ்தான் அணியில்தான். ஆனால் ஒரு விஷயம் உண்மையா என்று பார்த்துவிட்டு நான் அதைப் பேசவில்லை. தோனிக்கு உதவுமா என்று பார்த்துவிட்டுப் பேசினேன். குருநாத் அந்த அணியில் யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "அவரு சும்மா மேட்ச் பாக்க வந்தவருங்க" என்று நாலு பேர் நடுவில் சொல்லியிருக்கிறேன். என்னை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

லோதா குழு தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் மாமா வந்தார். நான் சாப்பிடாமல் படுத்திருந்தேன், சிரிக்காதீர்கள். முப்பது வயதை நெருங்கும் ஆள். மாமா திண்ணையில் உட்கார்ந்து, நான் கேட்காமலே, தன் கதையைச் சொன்னார்.

மாமா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர், எந்த வருடம் என்பது வேண்டாம். அங்கே செயலாளராக இருந்தவர் இல்லாத ஆட்கள் பேரில் பயிர்க்கடன் எழுதினார். போலி நகைக்கு நகைக்கடன் போட்டார். பேரேடு மாமா கையில் இருந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. விசாரணைக்கு அதிகாரி வந்து உட்கார்ந்ததும் மாமா சிரித்த முகமாக, "எனக்குக் கொடுத்த வேலை ரசீது போடுறதுங்க. மத்தது எனக்குத் தெரியாதுங்க" என்றார். அதிகாரி நாலு விதமாகக் கேட்டார். நாலு தடவையும் அதே பதில். பொய் சொன்னேன் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. "கேட்டதுக்கு மேல பேசல" என்றார். கடைசியில் மாட்டியது நகை உரசிப் பார்க்கிற ஆசாரி. தினக்கூலி. அவரை வெளியே அனுப்பினார்கள். செயலாளர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஊரில் மாமாவைப் பற்றி என்ன பேசினார்கள் தெரியுமா? "எவ்ளோ பெரிய விசாரணை, மனுஷன் அசரலயே!"

"ஏன் மாமா?" என்றேன்.

"அந்த ஆளுதான்டா எனக்கு வேலை போட்டுக் கொடுத்தாரு. ஒங்கம்மா கல்யாணத்துக்குக் கையில பணம் இல்லாம நின்னப்ப ராத்திரியோட ராத்திரியா கொண்டாந்து கொடுத்தாரு. அதுக்கப்பறம் எங்கேருந்து பேசறது?"

அந்தக் கல்யாணத்தில் பிறந்தவன் நான். அதற்குமேல் எனக்கும் பேச வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "நான் வாயத் தொறந்திருந்தா எனக்குச் சோறு போயிருக்கும். அவனுக்கு என்னா போயிருக்கும்?" என்றார். அவன் என்றது தோனியை. மாமா சொன்னதால் அது தோனியைப் பற்றிய உண்மை ஆகிவிடாது. ஒருவர் தன் சிரிப்பை இன்னொருவர் முகத்தில் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியை என்னால் இன்றுவரை தள்ள முடியவில்லை.

எனக்கென்று ஒரு பதில் இருந்தது. அவர் வாரியத்தின் ஒப்பந்தத்தில் இருந்தவர், வாரியமே பேசாதே என்றது, இந்திய அணி ஒரு பெரிய போட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது, விவகாரம் போலீஸ் விசாரணையில் இருந்தது. இதெல்லாம் நியாயமான காரணங்கள். எந்த வேலைக்காரனும் அந்த நாற்காலியில் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் அவர் எந்த வேலைக்காரனும் இல்லையே. இந்திய அணியின் கேப்டன், சென்னை அணியின் கேப்டன், அதே இந்தியா சிமெண்ட்ஸில் துணைத் தலைவர் பதவி. மூன்று இடத்துக்கும் மேலே ஒரே மனிதர், வாரியத் தலைவர் சீனிவாசன். இப்படி ஒரே ஆளுக்கு மூன்று வகையில் கடமைப்பட்டிருப்பவர் அந்த ஆளின் வீட்டு விவகாரத்தில் எப்படி வாய் திறப்பார்? 2017இல் ராமச்சந்திர குஹா உச்ச நீதிமன்றம் நியமித்த நிர்வாகக் குழுவிலிருந்து விலகி எழுதிய கடிதத்தில் நட்சத்திரங்களின் இந்த மாதிரிச் சிக்கல்களைப் பற்றி, தோனி பேரையும் சொல்லியே எழுதினார். அப்போதும் நான் குஹாவைத் திட்டினேன். அதற்குள் பழக்கம் முற்றியிருந்தது.

மாமா போனபின் எனக்கு ஞாபகம் வந்தது திருக்குறள். குறளை விட அதிகாரங்களின் வரிசை. பதினொன்றாவது அதிகாரம் செய்ந்நன்றியறிதல். பன்னிரண்டாவது நடுவுநிலைமை. பதின்மூன்றாவது அடக்கமுடைமை. நடுவுநிலைமையை ஏன் நன்றிக்கு அடுத்து வைத்தார் என்பதற்குப் பரிமேலழகர் ஒரு காரணம் சொல்கிறார்: உதவி செய்தவரிடம் அந்த உதவியை நினைக்கிறபோது ஒருவனுக்கு நடுவுநிலைமை சிதையும், அங்கேயும் அது சிதையக் கூடாது, அதற்காகத்தான் அதை நன்றியறிதலின் பின் வைத்தார் என்று. கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த விஷயம். மாமாவின் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது என்று அப்போது தெரியாது. அடக்கம் அதற்கும் பிறகு வருகிறது என்பதைப் பரிமேலழகர் வேறு வகையில் விளக்கலாம், எனக்கு இப்படித் தோன்றுகிறது: நடுவுநிலைமையைத் தாண்டி வந்தால்தான் அடக்கம். தாண்டாமல் வந்தால் அதற்கு வேறு பெயர், சும்மா இருத்தல்.

செஞ்சோற்றுக் கடன் என்று நம்மில் ஒரு பெரிய சொல் இருக்கிறது. முதலாளிக்காகப் பேசாமல் இருப்பவர்களையெல்லாம் அந்தச் சொல்லுக்குள் போட்டுக் காப்பாற்றிவிடுவோம். நானும் தோனியை அப்படித்தான் காப்பாற்றினேன். ஆனால் கம்பனின் கும்பகர்ணனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவன் எழுந்ததும் ராவணன் முகத்துக்கு நேராகச் சொல்கிறான், நீ செய்தது தப்பு, சீதையை விட்டுவிடு என்று. அது நடக்காது என்றான பிறகே போருக்குப் போகிறான். சோற்றுக்கடனைத் தீர்த்தவன் முதலில் வாயைத் திறந்தவன். அந்தப் பாதியை நாம் வசதியாக விட்டுவிட்டு, மீதிப் பாதியைக் கர்ணன் படத்து அழுகையோடு வைத்துக்கொண்டோம்.

தோனிக்காவது சோறு இருந்தது. மாமாவுக்கும் இருந்தது. ரசிகனுக்கு என்ன? நான் யார் சோற்றைத் தின்றேன்? காரைக்காலிலிருந்து ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் சேப்பாக்கத்தில் வரிசையில் நின்று, கள்ளத்தனமாக ஒன்றுக்கு மூன்று கொடுத்து டிக்கெட் வாங்கியவன் நான். 2011 இறுதியில் அஷ்வின் முதல் ஓவரிலேயே கெய்லை எடுத்தபோது பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெரியவரைக் கட்டிக்கொண்டு அழுதவன். கணக்குப் பார்த்தால் அவர்கள்தான் என் சோற்றைத் தின்றிருக்கிறார்கள். அப்படியும் எனக்கு ஏன் கடன்பட்ட உணர்ச்சி? இதற்கு நேர்மையான பதில், அவர்கள் எனக்கு ஏதோ கொடுத்தார்கள் என்பதுதான். அந்த ராத்திரிகளைக் கொடுத்தார்கள். நன்றி உண்மைதான். அந்த நன்றியைக் கைதட்டித் தீர்த்திருக்கலாம், விசில் அடித்துத் தீர்த்திருக்கலாம். நான் அதை சாட்சி சொல்லித் தீர்க்கப் பார்த்தேன்.

பிரான்சில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஜிடான் பைத்தியம். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடான் இத்தாலிக்காரரின் நெஞ்சில் தலையால் முட்டி வெளியே போனாரே, அதைப் பற்றிக் கேட்டால் அவன், "தப்புதான் அண்ணே, கோப்பையே போச்சு. ஆனா ஜிடான் ஜிடான்தானே" என்பான். இரண்டு வாக்கியம். இரண்டாவதற்காக முதலாவதை அவன் அழிப்பதில்லை. உலகமே பார்த்த தப்பு, அதனால் அவனுக்குச் சுலபம் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு முன்னால் இருந்தது பார்க்க முடியாத ஒன்று. முத்கல் குழு சீலிட்ட உறையில் கொடுத்த எல்லாப் பெயர்களையும் நீதிமன்றம் பொதுவில் வெளியிடவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு நேசிப்பது, தெரிந்த தப்போடு நேசிப்பதைவிடக் கஷ்டம்.

2018இல் அணி திரும்பி வந்தபோது நான் மாறிவிட்டேன் என்று சொல்ல ஆசை. அந்த ஏப்ரலில் காவிரி மேலாண்மை அமைப்புக்காகத் தமிழ்நாடு முழுக்கப் போராட்டம். தீர்ப்பில் காரைக்காலுக்கென்று இருப்பது 7 டி.எம்.சி. கடைமடையில் இருக்கிற எங்களுக்கு அதுவும் வந்து சேர்ந்தால்தான் உண்டு. சேப்பாக்கத்தில் ஏப்ரல் 10 அன்று மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது. மற்ற ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. சென்னையிலிருந்து ரசிகர்களை ஏற்றிக்கொண்டு தனி ரயிலே விட்டார்கள். அரை ஏக்கர் காய்ந்து கிடந்த என் தாய்மாமன் வீட்டில் உட்கார்ந்து, இடம் கிடைத்திருந்தால் நானும் அந்த ரயிலில் போயிருப்பேன் என்று நினைத்தேன். மே 22 அன்று தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. அன்று ராத்திரியே மும்பையில் தகுதிச் சுற்று ஆட்டம். டூ பிளெஸ்ஸி கடைசி வரை நின்று ஜெயிக்க வைத்தார். செய்திச் சேனலுக்கும் ஆட்டத்துக்கும் ரிமோட்டை மாற்றி மாற்றி அழுத்தி, கடைசி மூன்று ஓவர் மாற்றாமல் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை இதை.

2019இல் ஜெய்ப்பூரில், ஒரு நோ-பாலுக்காக, அவுட் ஆகி வெளியே இருந்த தோனி மைதானத்துக்குள் நடந்து வந்து நடுவர்களிடம் சண்டை போட்டார். சம்பளத்தில் பாதி அபராதம். எல்லோரும் அதிர்ந்து போனார்கள். மாமா மட்டும் அன்றைக்குக் குஷியாகிவிட்டார். "பரவால்லியே, கோவம் வருது" என்றார். அவர் அந்த மனிதரைப் பற்றி நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் மட்டும் உள்ளுக்குள், ஒரு நோ-பாலுக்கு உள்ளே நடந்து வர முடிகிறவர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் வழக்காடுவதில்லை. டீக்கடையில் எவனாவது ஆரம்பித்தால், "குருநாத் டீம்லதான் இருந்தாரு, பந்தயமும் கட்டுனாரு, தோனி என்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறேன். சண்டைக்கு வந்தவனுக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

2023 இறுதிப் போட்டி மழையால் மறுநாளைக்குப் போய், நள்ளிரவையும் தாண்டி ஓடியது. மாமாவுக்குக் கண் சரியில்லை, ஆனாலும் உட்கார்ந்திருந்தார். தோனி வந்த முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். கேமரா தோனியைக் காட்டியது. தலையைக் குனிந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"என்னா பண்றான்?" என்றார் மாமா.

"கண்ண மூடிட்டு ஒக்காந்திருக்காரு."

"சிரிக்கிறானா?"

"இல்ல மாமா."

ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. தெருவில் வெடி வெடித்தார்கள். தோனி ஜடேஜாவைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் கத்திக் குதித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "அந்த ஆசாரி மவன் இப்ப நாகூர்ல கடை வச்சிருக்கானாம். வர்ற வெள்ளிக்கிழமை வண்டில கொண்டு போய் வுடுறியா?" என்றார்.